சிரித்துக்கொண்டே சூடம் அணைத்த என் தம்பி

இதை எழுத மூன்று வருஷமாகத் தயங்கினேன். இரண்டு தடவை நோட்டு வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, மூடி வைத்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், எனக்கு எழுத வராது என்பது வெளியே சொல்கிற காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. மலேசியாவுக்குப் போய்வந்ததைச் சொன்னால் எதற்குப் போனேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், அதற்கு முன்னால் அய்யனார் கோயிலில் நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அய்யனார் மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். எனக்கு முந்திரித் தோப்பும், மழையை நம்பிப் போடுகிற கடலையும். என் தம்பி பழனிவேலு, கல்யாணம் ஆகாதவன், மலேசியாவில் பதினெட்டு வருஷம் பரோட்டா மாஸ்டராக இருந்தான். என் மகள் கவிதாவின் நிச்சயத்துக்கு லீவில் வந்தான். வந்த அன்றே ஒரு மாதிரிதான் இருந்தான். பெட்டியைத் திறந்தால் ஒரே மாதிரி பதினோரு டார்ச் லைட். எதுக்குடா இத்தனை என்று கேட்டேன். “நல்லா எரியுதுண்ணே” என்றான்.

நிச்சயத்தன்று பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். பழனி போய்க் குனிந்து, அந்த அம்மாவின் இலையில் இருந்த வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். “இம்புட்டு குண்டா இருக்கீங்க, ஒங்களுக்கு எதுக்கு வடை?” என்று தோளிலும் தட்டினான். யாரும் சிரிக்கவில்லை. அவன் மட்டும் சிரித்தான். நார்த்தாமலைப் பக்கமிருந்து இரண்டு வேனில் வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று.

குடித்திருக்கிறான் என்றார்கள். நானும் அதையே சொன்னேன். அவன் வாயில் வாடை இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரியும். ஆனால் குடி என்று வைத்துக்கொண்டால்தான் மனசுக்கு ஒரு காரணம் கிடைத்தது.

எங்கள் பக்கம் ஒருவன் சொல்லை நம்பாவிட்டால் சூடம் அணைக்கச் சொல்வோம். சாமிக்கு முன்னால் தட்டில் சூடம் கொளுத்தி வைப்பார்கள். உள்ளங்கையால் அதை அடித்து அணைத்துச் சத்தியம் சொல்ல வேண்டும். பொய் சொல்கிறவனுக்குக் கை நடுங்கும், முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது நம்பிக்கை. வெள்ளிக்கிழமை ஊரார் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்க, அய்யனாருக்கு முன்னால் தட்டைப் பிடித்தவன் நான்.

“குடிக்கலண்ணே. சத்தியமாக் குடிக்கல” என்றான். சொல்லிவிட்டுக் கையைச் சூடத்தின் மேல் வைத்து அழுத்தினான். அணைந்த பிறகும் எடுக்கவில்லை. “சுடுதுண்ணே!” என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

“சாமி முன்னாடியே சிரிக்கிறான்யா. இவன் சொன்னது சத்தியமா?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அது போதும், எல்லாருக்கும் தீர்ப்பு ஆகிவிட்டது. எனக்கும்தான்.

“இனிமே என் வாசப்படிய மிதிக்காத” என்றேன். “சரிண்ணே” என்றான். அப்புறம், “வடை மிச்சம் இருக்கா?” என்று கேட்டான். என்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்தேன். லீவு முடிந்து அவன் மலேசியாவுக்குத் திரும்பிப் போனான். இரண்டு வருஷம் அவனோடு நான் பேசவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு போன். பழனி வேலை பார்த்த கடையின் முதலாளி சாகுல் பாய், கோட்டைப்பட்டினத்துக்காரர். “அண்ணே, ஒங்க தம்பி சாப்புட வர்ற ஆளுங்க தட்டுலேர்ந்து எடுத்துத் திங்கிறாரு. ரெண்டு பேரு அடிச்சுட்டானுங்க. ஆஸ்பத்திரில சேத்துருக்கேன். ரத்த சொந்தம் ஒருத்தர் வரணுமாம். வந்து கூட்டிட்டுப் போறதோ, வேணாம்னு எழுதிக் குடுக்குறதோ, ஒங்க இஷ்டம். வேணாம்னா இங்க அனாதைங்கள வச்சுப் பாக்குற எடத்துக்கு அனுப்பிருவாங்களாம்.”

என் மனைவி செல்லம் தெளிவாகச் சொன்னாள். “போயிட்டு வாங்க, வேணாங்கல. கையெழுத்தப் போட்டு அங்கனயே விட்டுட்டு வாங்க. இங்கிட்டு மட்டும் கூட்டியாந்துறாதீங்க. எம் புள்ளைக்கு இப்பத்தான் மறுபடி ஒரு எடம் வந்துருக்கு.” சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவள் கேட்காவிட்டாலும் நான் அதற்குத்தான் போனேன்.

முதல் நாள் சாகுல் பாய் ஏர்போர்ட்டுக்கு வந்து கடைக்கு அழைத்துப் போனார். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, மேலே நெத்திலி, அவித்த முட்டை, வாசனை தூக்கியது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. “எனக்கு வெறும் ரொட்டி போதும் பாய்” என்றேன். வெளியே மழை ஊற்றியது. எங்கள் ஊரில் ஒரு வருஷத்துக்குப் பெய்வது அங்கே ஒரு சாயங்காலத்துக்குப் பெய்கிறது. “தெனம் இப்படித்தாண்ணே. பாதிய நம்மூருக்கு அனுப்பலாம்னா கஸ்டம்ஸ்ல விடமாட்டேங்கிறான்” என்றார் பாய். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது, சிரித்து வைத்தேன்.

பழனியைப் பற்றிக் கேட்டேன். பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார். “மொதல்ல திமிருன்னு நெனச்சேன். பதினெட்டு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்த எதுத்துப் பேசாத ஆளு. திடீர்னு, வர்ற பொம்பளைங்ககிட்ட நீ கறுப்பா இருக்க, நீ கெழவியாட்டம் இருக்கங்குறாரு. திட்டுனா ஒறைக்கல. அடி வாங்குன அன்னைக்கும், அடிச்சவங்கிட்டயே போயி பக்கத்துல உக்காந்து தேத்தண்ணி குடிக்கிறாரு. அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. திமிர் புடிச்சவன் அப்படிச் செய்யமாட்டாண்ணே.”

அண்ணனுக்கு வராத சந்தேகம் முதலாளிக்கு வந்திருக்கிறது.

இரண்டாம் நாள் பாயின் கடையில் ஆள் குறைவு. ரயிலில் நானே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். பெட்டிக்குள் நல்ல குளிர். உட்கார்ந்ததும் எதிரே இருந்த பெண் ஒரு தரம் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். இன்னொருத்தி பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பேச்சு அடங்கியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குக் காது சூடாகி, கழுத்தில் வியர்த்தது. என்னவோ தப்புச் செய்கிறேன், என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை. ஒரு சீனக் கிழவி விரலைத் தூக்கி, கதவுக்கு மேலே ஒட்டியிருந்த ரோஸ் கலர் படத்தைக் காட்டினார். அது பெண்கள் மட்டும் ஏறுகிற பெட்டி. அடுத்த ஸ்டேஷனில் குதிக்காத குறையாக இறங்கினேன். அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. காவலாளி கையை விரித்தார். திரும்பி வந்தேன்.

மூன்றாம் நாள்தான் பழனியைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருப்பான் என்று நினைத்துப் போனேன். நன்றாகத் தடித்திருந்தான். “வாண்ணே. ரொட்டி வாங்கியாந்தியா?” என்றான். இரண்டு வருஷம், வாசற்படி, கோபம், எதுவும் அவன் முகத்தில் இல்லை. முந்தாநாள் பார்த்துப் பிரிந்தவன் போல இருந்தான்.

மீனா என்று மலேசியத் தமிழ்ப் பெண் ஒருத்தி, நோயாளிகளின் குடும்பத்தோடு பேசுவதற்கென்று அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். “அங்கிள், இன்னிக்கு ஒங்க தம்பிக்குக் கொஞ்சம் பரிட்சை வைக்கிறாங்க. நீங்க பக்கத்துல உக்காந்து பாக்கலாம்” என்று அழைத்துப் போனாள். மூளையைப் பார்க்கிற டாக்டர், தலையில் துணி போட்ட மலாய்க்கார அம்மா, மெதுவாகப் பேசினார். அவர் பேசியதை மீனா தமிழில் சொன்னாள்.

முதலில் முகப் படங்கள். அழுகிற பெண் ஒருத்தியைக் காட்டினார்கள். “பல்லுத் தெரியுது. சிரிக்கிது” என்றான் பழனி. பயந்து நிற்கிற ஆளைக் காட்டினார்கள். “கண்ணு பெருசு” என்றான். அருவருப்பாய் முகம் சுளித்த ஒருவன். “இவனுக்கு மூக்கு நல்லா இருக்கு.” ஒவ்வொரு படத்துக்கும் உதட்டையும் மூக்கையும் சரியாகச் சொன்னான். அந்த ஆள் மனசில் என்ன என்பது ஒன்றுகூட வரவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, “என்னண்ணே, மூக்கு ஒழுகுது? ஏசி ஒத்துக்கலையா?” என்றான்.

அப்புறம் சீட்டு. சிவப்பில் ஒரு கட்டு, நீலத்தில் ஒரு கட்டு. புரட்டுகிற சீட்டுக்குத் தக்கபடி பிளாஸ்டிக் பொத்தான்களைக் கொடுப்பார்கள், அல்லது பிடுங்கிக்கொள்வார்கள். சிவப்பு அள்ளிக் கொடுக்கும், திடீரென்று கையில் இருப்பதையெல்லாம் பறித்துவிடும். நீலம் கொஞ்சமாகக் கொடுக்கும், கொஞ்சமாகத்தான் எடுக்கும். கொஞ்ச நேரத்தில் பழனியே கண்டுபிடித்துவிட்டான். “செவப்பு மோசண்ணே. குடுக்குற மாதிரி குடுத்து மொத்தத்தையும் புடுங்கிக்கிது. நீலந்தான் நல்லது.” சொல்லிக்கொண்டே சிவப்பை எடுத்தான்.

“டேய், நீலத்த எடுறா” என்றேன்.

“ஆமாண்ணே, நீலத்தத்தான் எடுக்கணும்” என்றான். மறுபடியும் சிவப்பை எடுத்தான். அவன் முன்னால் ஒரு பொத்தான்கூட மிச்சமில்லாமல் போகும்வரை எடுத்தான்.

இதெல்லாம் நடக்கும்போது அவன் விரலில் ஒரு ஒயர் கட்டியிருந்தது. விரல் வேர்ப்பதை அளக்கிற மெஷினில் கோடு ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது, சிவப்பை எடுத்தபோதும் நீலத்தை எடுத்தபோதும் ஒரே மட்டமாக. டாக்டர் அந்த ஒயரைக் கழற்றி என் விரலில் கட்டி, “நீங்கள் ஆடிப் பாருங்கள்” என்றார். நானும் ஆடினேன். இரண்டு தரம் சிவப்பில் அடி வாங்கிய பிறகு, மூன்றாம் தரம் கை சிவப்புப் பக்கம் போகும்போதே, சீட்டைத் தொடுவதற்கு முன்னால், கோடு எகிறியது. கை தானாக நீலத்துக்குத் திரும்பியது.

நான்காம் நாள் டாக்டர் தன் அறையில் உட்காரவைத்துப் பழனியின் தலைக்குள் எடுத்த படத்தைக் காட்டினார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, காய்ந்த பழம்போலச் சுருங்கி, நடுவில் கறுப்பாக இடைவெளி விட்டிருந்தது.

“டாக்டர் சொல்றாங்க அங்கிள்,” என்றாள் மீனா. “ஒரு காரியம் செய்யறதுக்கு முன்னாடி நமக்கெல்லாம் ஒடம்பு ஒரு எச்சரிக்கை குடுக்கும். கை வேர்க்கும், நெஞ்சு அடிச்சிக்கும். பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சி மாறுனா கூச்சம் வரும். அதுதான் நம்மளப் பிடிச்சு இழுத்து நிறுத்தும். ஒங்க தம்பிக்கு எது சரி எது தப்புன்னு இன்னும் தெரியுது. நிறுத்தற எடம்தான் போச்சு.”

ரயில் பெட்டியில் என் காது சூடானது நினைவுக்கு வந்தது. ஒருவர்கூட வாய் திறக்காமல், என்னை அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டது அந்தச் சூடுதான். அது இல்லாதவனைத்தான் நான் வெட்கங்கெட்டவன் என்று ஊர் கூட்டித் தீர்ப்புச் சொன்னேன்.

எப்போது முதல் மாற்றம் தெரிந்தது என்று டாக்டர் கேட்டார். டார்ச் லைட்டைச் சொன்னேன். வடையைச் சொன்னேன். தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். “அதுக்கும் ரெண்டு மூணு வருஷம் முன்னாலயே உள்ள ஆரம்பிச்சிருக்கும்கிறாங்க” என்றாள் மீனா.

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. அய்யனார் கோயிலையும் சொல்லிவிட்டேன். சூடம் என்றால் என்ன, சத்தியம் என்றால் என்ன என்று மீனா அந்த மலாய்க்கார அம்மாவுக்கு வெகுநேரம் விளக்கினாள். “சாமி முன்னாடி சிரிச்சானேம்மா. பொய் சொல்றவன் பயப்படுவான். இவன் சிரிச்சான். அதனால பொய்யின்னு நெனச்சோம்” என்றேன்.

டாக்டர் யோசித்து, என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். மீனா தமிழில் சொல்லத் தாமதித்தாள். அப்புறம் சொன்னாள்: “பொய் சொல்றவங்களுக்குத்தான் பயம் வரும்னு நீங்களே சொல்றீங்களே அங்கிள். அப்புறம் ஏன் நம்பல?”

அவன் குடிக்கவில்லை என்றுதான் சொன்னான். அவன் குடிக்கவில்லை. அய்யனாருக்கு முன்னால் அன்று உண்மை சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

“குணமாகுமா?” என்று கேட்டேன். ஆகாது என்றார். பேச்சு போகும். பிறகு விழுங்குவது மறக்கும். அதிகம் போனால் சில வருஷம்.

மேஜை மேல் இரண்டு தாள்கள் இருந்தன. கூட்டிப் போகிறேன் என்று ஒன்று. எனக்குப் பொறுப்பில்லை என்று ஒன்று. இரண்டாவதில் கையெழுத்துப் போடத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன். பேனாவை எடுத்து முதல் தாளில் போட்டேன்.

செல்லத்துக்குப் போன் செய்தேன். “கூட்டிட்டு வாரேன்” என்றேன்.

“சத்தியம் பண்ணிட்டுப் போனீங்க” என்றாள்.

“ஆமா” என்றேன். போனை வைத்துவிட்டாள்.

காகிதங்கள் வர இரண்டு நாள் ஆயின. அந்த இடைவெளியில் பக்கத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கோயில் பளபளவென்று, தரையில் ஒரு தூசி இல்லாமல் இருந்தது. பூசாரி தட்டில் சூடம் காட்டி என் முன்னால் நீட்டினார். எத்தனையோ ஆயிரம் தரம் கண்ணில் ஒற்றிக்கொண்ட நெருப்பு. அன்றைக்குக் கை எழவில்லை. பூசாரி கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

ஏழாம் நாள் விமானத்தில் பழனி ஜன்னலோரம், நான் நடுவில், இந்தப் பக்கம் திருச்சிக்காரர் ஒருவர். நான் கண் அசந்த நேரத்தில் பழனி என்னைத் தாண்டிக் கையை நீட்டி, அவர் தட்டிலிருந்த கோழித் துண்டை எடுத்துவிட்டான். அவர் எழுந்து நின்று கத்தினார். “குடிச்சுட்டு வந்து உக்காந்துக்கிட்டு, மனுசனா இவன்? யாருங்க இந்தக் குடிகாரன ஏத்துனது?” முன்வரிசையெல்லாம் திரும்பியது.

“என் தம்பிங்க. குடிக்கலைங்க. தலைக்குள்ள நோவுங்க” என்றேன். என் தட்டை அவருக்குக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த டாக்டர் கடிதத்தை நீட்டினேன், வாங்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். குடிக்கலை என்கிற அந்த ஒரு சொல்லைக் கோயிலில் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். வாடை இல்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

வீட்டில் செல்லம் என்னோடு பேசவில்லை. கடலை மூட்டை போடும் அறையைக் கூட்டிக் கட்டில் போட்டு வைத்திருந்தாள், அவ்வளவுதான். கவிதா, “சித்தப்பா, வாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். பழனி நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டிக்குள் கையை விட்டான்.

கவிதா கல்யாணத்தன்று அவனை அந்த அறையில் வைத்துப் பூட்டினோம். பூட்டியதும் நான்தான். மண்டபத்திலிருந்து திரும்பித் திறந்தபோது, பூட்டி வைத்ததில் ஒரு வருத்தமும் இல்லாமல், “சோறு ஆச்சாண்ணே?” என்று கேட்டான். அவனுக்கு வருத்தம் வராது என்று தெரிந்தும் எனக்கு ஆறவில்லை. தெரிவது வேறு, ஆறுவது வேறு.

மூன்றாம் மாதம் ஒரு நாள் செல்லம் அவனுக்குச் சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தட்டை மொத்தமாகக் கொடுத்தால் திணித்துக்கொண்டு விக்குவான். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“இவரு வேணும்னு ஒண்ணும் பண்ணலல்ல?”

“இல்ல.”

“அப்ப நம்மதான் வேணும்னு பண்ணிருக்கோம்” என்றாள். அடுத்த உருண்டையைக் கொடுத்தாள்.

டாக்டர் சொன்ன வரிசையில்தான் எல்லாம் நடந்தது. பேச்சு குறைந்து, கடைசியில் “அண்ணே” மட்டும் மிஞ்சி, அதுவும் நின்றது. விழுங்குவது மறந்தது. சளி நெஞ்சில் இறங்கி, புதுக்கோட்டையில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தான். வந்து ஒன்றரை வருஷம்.

சுடுகாட்டில் எனக்குப் பின்னால் ஒருவர் தன் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “பாத்துக்கடா. அய்யனாரு முன்னாடி பொய்ச் சத்தியம் பண்ணி, சூடத்தப் பாத்துச் சிரிச்சவன். தலையிலயே அடிச்சுருச்சு பாரு சாமி.” பக்கத்திலிருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். நான் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை.

இப்போது எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இந்தக் கதை அப்படித்தான் உலவுகிறது. சூடம் ஏற்றும்போது பிள்ளைகளுக்குச் சொல்லிப் பயம் காட்டுகிறார்கள். சாமிக்கு நான் பயப்படுகிறவன்தான், இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். என் அய்யனார், நோயாளி ஒருவன் உண்மை சொன்னதற்காக அவன் தலையில் அடிக்கிறவர் இல்லை.

ஆகையால் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குக் கொடுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ நல்லவனாக இருந்து திடீரென்று வெட்கம் கெட்டுப்போன ஆள் இருந்தால், அந்த வீட்டுக்குக் கட்டாயம் கொடுங்கள். கொடுக்கும்போது ஒன்றும் கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கடைசியில் குணமாகிவிட்டான் என்று சேர்க்காதீர்கள், அவன் ஆகவில்லை. அண்ணன் நல்லவன் என்று சேர்க்காதீர்கள். முக்கியமாக வரிசையை மாற்றிவிடாதீர்கள். முதலில் வந்தது நோய். அதற்குப் பிறகுதான் சத்தியம்.